கலிங்கு இல்லாத ஏரி

மெயில் சர்வரில் டிஸ்க் நிரம்பிப்போகாமல் காப்பது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதில் பேச என்ன இருக்கிறது, பெரிய டிஸ்க்காக ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். பெரும்பாலான அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கிறது. டிஸ்க் நிரம்புகிறது, மெயில் நிற்கிறது, அட்மின் இரவோடு இரவாக ஓடிவந்து பழைய ஃபைல்கள் சிலவற்றை அழிக்கிறார், மறுநாள் புது டிஸ்க்குக்கு விண்ணப்பம் போகிறது. ஒரு வருடம் கழித்து மறுபடியும் அதே இரவு வருகிறது. மின்வெட்டைப் பற்றிப் பேசுவதுபோல, புயலைப் பற்றிப் பேசுவதுபோல, நம் கையில் இல்லாத ஒரு விபத்தாக இதைப் பேசிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடுதான் எனக்கு வழக்கு. டிஸ்க் எப்போது நிரம்பும் என்பது முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம். கணக்குப் போடாமல் நிரம்பவிட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு நாம் கொடுத்த வாக்கை மீறுகிறோம். இடத்தைப் பெருக்குவது இரண்டாம் பட்சம். வாக்குக் கொடுப்பதற்கு முன் அதைக் காப்பாற்ற இடமிருக்கிறதா என்று பார்க்கச் சர்வருக்குக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலை.

அந்த வாக்கு எந்த இடத்தில் கொடுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒரு சர்வர் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டு மெயில் தரும்போது, இரண்டுக்கும் இடையே சின்னச் சின்ன வரிகளாக ஓர் உரையாடல் நடக்கிறது. வந்தவர் முதலில் தன் பெயரைச் சொல்கிறார். பிறகு, கடிதம் இன்னாரிடமிருந்து வருகிறது என்கிறார். பிறகு, இன்னாருக்கு என்கிறார். ஒவ்வொரு வரிக்கும் மூன்று இலக்க எண் ஒன்று பதிலாகப் போகிறது. அப்புறம்தான் கடிதத்தின் உடல் வருகிறது. முடிந்ததற்கு அடையாளமாக, ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வருகிறது. அந்தப் புள்ளிக்கு நம் சர்வர் 250 என்று பதில் சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. அனுப்பிய சர்வர் தன் வரிசையில் வைத்திருந்த நகலை அழித்துவிடும். அதன் வேலை முடிந்தது. இனி அந்தக் கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டில் ஒன்று நம் கடமை. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821தான் இந்த உரையாடலின் பழைய சட்டப் புத்தகம். 2008 அக்டோபரில் ஜான் கிளென்சின் பதிப்பித்த ஆர்எஃப்சி 5321 அதன் பிற்கால வடிவம். ஏற்றுக்கொண்ட கடிதத்தை அற்பக் காரணங்களுக்காகத் தொலைக்கக் கூடாது என்று அதில் கட்டளையாகவே எழுதியிருக்கிறது. அற்பக் காரணம் எது என்பதற்கு உதாரணமும் தருகிறது: பின்னால் கம்ப்யூட்டர் முடங்கிப்போவது ஒன்று, முன்பே ஊகிக்கக்கூடிய வளப் பற்றாக்குறை இன்னொன்று. டிஸ்க் நிரம்புவதைவிட முன்பே ஊகிக்கக்கூடிய பற்றாக்குறை வேறு எது? நாம் விபத்து என்கிறோம். சட்டப் புத்தகம் அதை ஒரு சாக்காகக்கூட ஏற்கவில்லை.

அதே 1982 புத்தகத்தில் இதற்கான தீர்வும் இருக்கிறது. பதில் எண் 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். 5இல் தொடங்கினால் முடியாது, திரும்ப வராதே என்று பொருள். 452 என்ற எண், சர்வரில் போதிய இடம் இல்லை என்று சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பதிலைக் கேட்ட அனுப்புநர் சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பிறகு மீண்டும் வரும். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது 30 நிமிடமாவது விட வேண்டும், குறைந்தது 4 அல்லது 5 நாளாவது முயன்று பார்த்த பிறகே கைவிட வேண்டும் என்பது ஆர்எஃப்சி 5321 காட்டும் வழி. நம் ஊர் ஏரிகளைக் கட்டியவர்கள் இதைப் படித்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். கரை எவ்வளவு உயரமானாலும், கரையின் உச்சியைவிடத் தாழ்ந்த மட்டத்தில் ஒரு கலிங்கு வைக்காமல் அவர்கள் ஏரி கட்டியதில்லை. தண்ணீர் கரையைத் தாண்டும் நிலை வருவதற்கு முன்பே கலிங்கு வழியாக வெளியேற வேண்டும். கரையைத் தாண்டினால் ஏரியே போய்விடும். 452 என்பது மெயில் சர்வரின் கலிங்கு. ஒரே ஒரு வித்தியாசம்: ஏரியின் மிகைநீர் கீழ் ஏரிக்குப் போகும், மெயிலின் மிகைநீர் மேல் ஏரியிலேயே தங்கி நிற்கும். ஆயிரக்கணக்கான அனுப்புநர்களின் வரிசைகளில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து நிற்பதால், அதன் பாரம் யாருக்கும் தெரிவதில்லை.

கலிங்கை எந்த மட்டத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொள்வோம். வீட்ஸே வெனெமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எழுதி 1998இல் வெளியான இந்த மென்பொருள், லினக்ஸ் சர்வர்களில் பரவலாக ஓடிக்கொண்டிருப்பது. அதில் கலிங்கு ஏற்கெனவே இருக்கிறது. இன்னாரிடமிருந்து என்று வந்தவர் சொன்னவுடன், வரிசை இருக்கும் டிஸ்க் பகுதியில் எவ்வளவு இடம் காலி என்று அது பார்க்கும். ஒரு கடிதத்துக்கு நாம் வைத்திருக்கும் உச்ச அளவைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை என்றால் 452 சொல்லிவிடும். உச்ச அளவு, நாம் மாற்றாதவரை, 1,02,40,000 பைட். ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 15 எம்பி. இது போதாது. போஸ்ட்ஃபிக்ஸ், நாம் மாற்றாதவரை, 100 இணைப்புகள் வரை ஒரே நேரத்தில் வாங்கும். 16 எம்பி காலியாக இருக்கும் ஒரு விநாடியில் நூறு பேரும் வாசலில் நின்று கேட்டால், நூறு பேருக்கும் வா என்றே பதில் போகும். ஆளுக்கு 10 எம்பி கொண்டுவந்தால் தேவைப்படும் இடம் 1 ஜிபி. பல இடங்களில் உச்ச அளவை 50 எம்பியாக உயர்த்தியிருப்பார்கள். அப்போது 5 ஜிபி. ஸ்பாம், வைரஸ் பார்க்கும் மென்பொருள் வரிசையிலிருந்து கடிதத்தை எடுத்துத் திரும்ப வரிசையில் போடும் ஏற்பாடாக இருந்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு கடிதம் இரண்டாக இருக்கும்; அது ஜிப்பைப் பிரித்துப் பார்க்கும் இடம் தனி. ஒரே நேரத்தில் வாங்கக்கூடிய இணைப்புகளை உச்ச அளவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, அந்தத் தொகையைக் க்யூ மின்ஃப்ரீ என்ற அமைப்பில் எழுதிவைப்பதே நியாயமான கணக்கு என்பது என் கருத்து. அதன் ஆரம்ப மதிப்பு பூஜ்யம். பெரும்பாலான சர்வர்களில் அது பூஜ்யமாகவே கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். கடிதத்தை வரிசை ஃபைலில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே போஸ்ட்ஃபிக்ஸ் 250 சொல்கிறது. பாதியில் டிஸ்க் நிரம்பினாலும் பிறகு வா என்றுதான் சொல்லும், ஆகவே எதுவும் தொலையப்போவதில்லை, தனியாக ஒதுக்கீடு எதற்கு என்பார்கள். வாசலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒதுக்கீடு வாசலில் நிற்பவருக்காக இல்லை. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட கடிதங்களுக்காக. அவற்றைப் பெட்டியில் சேர்க்க இடம் வேண்டும். சேர்க்க முடியாதபோது, முடியவில்லை என்று அனுப்புநருக்கு எழுதும் பவுன்ஸும் ஒரு கடிதம்தான். அதுவும் வரிசையில் உட்கார இடம் வேண்டும். என்ன நடந்தது என்று லாக்கில் எழுத இடம் வேண்டும். பழைய லாக்கைச் சுருக்கி இடம் பிடிக்கலாம் என்றால், ஜிஜிப் முதலில் சுருங்கிய நகலை எழுதி முடித்த பிறகே மூலத்தை அழிக்கும். அதற்கும் இடம் வேண்டும். இடம் உண்டாக்குவதற்கே இடம் வேண்டும். கையில் ஒரு பைசா இல்லாதவன் அடகுக் கடைக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுக்க முடியாமல் நிற்பது போன்ற நிலை அது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, நிறைவேற்றவும் முடியவில்லை, முடியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. 452ஐச் சீக்கிரமே சொல்லத் தொடங்க வேண்டியதன் காரணம் இதுதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. இதில்தான் கவனமான அட்மின்களும் விழுகிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அளந்து பார்ப்பது வரிசை இருக்கும் பகுதியை மட்டும். பயனர்களின் பெட்டிகளை வேறொரு பெரிய டிஸ்க்கில் வைத்திருந்தால், அந்த டிஸ்க் நிரம்பியது வாசலுக்குத் தெரியாது. வாசலில் 250 போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஒவ்வொரு கடிதமும் பெட்டி வரை போய், இடமில்லாமல் திரும்பி, ஒத்திவைக்கப்பட்ட வரிசையில் உட்காரும். அந்த வரிசையில் ஒரு கடிதம் 5 நாள் இருக்கலாம். ஒரு நாளைக்கு 4 ஜிபி மெயில் வரும் அலுவலகம் என்றால் 5 நாளில் 20 ஜிபி. அதற்கு முன்பே வரிசைப் பகுதியும் நிரம்பும், அல்லது ஐந்தாம் நாள் பவுன்ஸ்கள் கிளம்பும். வேலைக்கு விண்ணப்பித்தவர் கடைசித் தேதி முடிந்த பிறகு, உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்ற செய்தியைப் பெறுவார். திங்கட்கிழமையே 452 கேட்டிருந்தால், செவ்வாய்க்கிழமை டிஸ்க் சரியானதும் அவர் விண்ணப்பம் தானாக வந்து சேர்ந்திருக்கும் என்று நீங்கள் சொன்னால், வெள்ளிக்கிழமை வரை டிஸ்க்கைச் சரிசெய்யாதது யார் தப்பு என்று நான் கேட்பேன். ஆனாலும் கொல்லைப்புறம் நிரம்பியது வாசலுக்குத் தெரிய வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை. அதற்கு வழியும் உண்டு. வாங்குவதா வேண்டாமா என்று வெளியே ஒரு சின்ன நிரலைக் கேட்டு முடிவுசெய்யும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது; பெட்டிகளின் டிஸ்க்கை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பதில் சொல்லும் நிரலை ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம்.

இடம் எங்கே போகிறது என்பதற்கு வருவோம். பயனர்கள் சேர்த்துவைக்கும் கடிதங்களால் என்பது பாதி உண்மை. நத்தானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992இல் மைம் என்ற முறையை வகுத்தபோது, எழுத்துகளை மட்டுமே சுமக்கத் தெரிந்த மெயிலில் படங்களையும் ஃபைல்களையும் ஏற்ற பேஸ்64 என்ற குறியாக்கத்தைச் சேர்த்தார்கள். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். வரி முறிப்பும் சேர்ந்து, 10 எம்பி இணைப்பு ஏறக்குறைய 13.7 எம்பி ஆகிவிடும். அப்படி ஓர் இணைப்போடு ஒரு சுற்றறிக்கையை 200 ஊழியர்களுக்கு அனுப்பினால், ஆளுக்கு ஒரு நகல் வைக்கும் சர்வரில் 2.7 ஜிபி போய்விட்டது. ஒரே ஒரு பிடிஎஃப். அதற்கு நால்வர் எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்தி, இணைப்போடு சேர்த்து நன்றி தெரிவித்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இது நடந்தது. பெட்லம் டிஎல்3 என்ற அஞ்சல் பட்டியலில் தன் பெயர் ஏன் இருக்கிறது என்று ஒருவர் கேட்க, என்னையும் நீக்குங்கள் என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் எழுத, சுமார் ஒன்றரைக் கோடி மெயில்கள், 195 ஜிபி என்று மதிப்பிடும் அளவுக்கு வெள்ளம் ஓடியது. திருடுபோன ஒரே பாஸ்வேர்டால் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் வெளியே போவதும், அவற்றின் பவுன்ஸ்கள் திரும்பி வந்து குவிவதும் இதே வகை. ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஏறும் மட்டத்துக்குப் பெரிய டிஸ்க் பதிலாகலாம். ஒரு மணி நேரத்தில் ஏறும் வெள்ளத்துக்குக் கலிங்கும், ஓர் ஆள் மணிக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்ற வரம்பும் மட்டுமே பதில்.

டிஸ்க்கில் ஏராளமாக இடம் இருந்தும் இடமில்லை என்று சர்வர் சொல்லும் நிலையும் உண்டு. கியூமெயிலுக்காக டேனியல் பெர்ன்ஸ்டீன் வகுத்த மெயில்டிர் அமைப்பில் ஒவ்வொரு கடிதமும் தனி ஃபைல். பூட்டு தேவையில்லை, பாதியில் நின்றாலும் மற்றக் கடிதங்கள் கெடுவதில்லை, அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4 முறையில் டிஸ்க்கைத் தயார்செய்யும் அன்றே, வழக்கமான அமைப்பில், 16,384 பைட்டுக்கு ஒன்று என ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடும். 1 டிபி டிஸ்க்கில் சுமார் 6 கோடி. கடிதங்கள் பெரும்பாலும் 5 கேபி, 6 கேபி என்று சின்னதாக இருந்தால், டிஸ்க் பாதி நிரம்பும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். டிஎஃப் கட்டளை 50 சதவீதம் காலி என்று காட்டும். கடிதமோ உள்ளே போகாது. டிஎஃப்புடன் ஐ என்ற எழுத்தைச் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். தேவைக்கேற்ப ஐநோடு உண்டாக்கும் எக்ஸ்எஃப்எஸ் போன்ற முறையைப் பெட்டிகளுக்குத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் இருக்கிறது. 30 ஜிபி லாக் ஃபைலை அட்மின் அழிக்கிறார்; ஃபைல் கண்ணில் இல்லை, ஆனால் இடம் திரும்பவில்லை. லாக் எழுதும் நிரல் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருப்பதால், பெயர் மட்டும் போயிருக்கிறது, உடல் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த நிரலை மறுபடி தொடங்கும்வரை இடம் வராது. லாக்கை, வரிசையை, பெட்டிகளை மூன்று தனிப் பகுதிகளில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வீட்டுக் கூரை ஒழுகினால் நெல் குதிர் நனையக் கூடாது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சிலும் இதே கதை வேறு உருவில் இருக்கிறது: பரிவர்த்தனை லாக்குகள் பேக்கப் சரியாக முடிந்த பிறகே கழியும். பேக்கப் நின்றுபோனதை யாரும் கவனிக்காவிட்டால் லாக் டிஸ்க் நிரம்பி, கடைசியில் தரவுத்தளமே இறங்கிவிடும்.

இனி பெரிய மறுப்புக்கு வருகிறேன். டிஸ்க் மலிவாகிவிட்டது, இத்தனை கணக்கு எதற்கு என்பது அது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தது. அப்போது ஹாட்மெயில் இலவசமாகத் தந்தது 2 எம்பி, யாஹூ 4 எம்பி. இனி எதையும் அழிக்க வேண்டாம் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் மக்கள் மனதில் விழுந்தது. நம் அலுவலகச் சர்வரிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கூகுளே 2013இல் மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று எல்லை வைத்தது. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு ஆண்டு தொடாத கணக்குகளை நீக்கத் தொடங்கியது. எல்லையற்ற இடம் என்று எங்கும் எதுவும் இல்லை. டிஸ்க்கின் விலை வேண்டுமானால் மலிவு. அதில் இருப்பதைக் காப்பாற்றும் செலவு மலிவில்லை. 4 டிபி பெட்டிகளை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் பேக்கப்பிலிருந்து மீட்டால் 40,000 விநாடி, அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். கோடிக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் அந்த வேகமும் கிடைக்காது. இடத்தை இரட்டிப்பாக்கும்போது இந்த இருண்ட மணி நேரத்தையும் இரட்டிப்பாக்குகிறோம். இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க் ஒருநாள் நிரம்பத்தான் போகிறது. கரையை எவ்வளவு உயர்த்தினாலும் கலிங்கு வேண்டும்.

ஆளுக்கு இவ்வளவு என்று கோட்டா வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 500 பேருக்கு ஆளுக்கு 5 ஜிபி கொடுத்தால் 2.5 டிபி, பின்னால் இருப்பது 1 டிபி டிஸ்க். எல்லோரும் முழுக்கப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இப்படிக் கொடுப்பதில் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டா டிஸ்க்கைக் காப்பாற்றாது. பயனர்களுக்கு இடையே நியாயம் காக்கத்தான் கோட்டா. சர்வரைக் காக்க ஒதுக்கீடு. பதில் எண்ணிலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பேன். சர்வரில் இடமில்லை என்றால் தவறு நம்முடையது, சில மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது. ஆகவே பிறகு வா என்று 4இல் தொடங்கும் எண். ஒருவருடைய பெட்டி நிரம்பிவிட்டது என்றால் அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம், வேலையை விட்டே போயிருக்கலாம், எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஐந்து நாள் நம்பிக்கையில் வைத்துவிட்டுக் கைவிரிப்பதைவிட, 552 என்று அப்போதே சொல்வதே அனுப்புநருக்குச் செய்யும் மரியாதை. அவர் போன் செய்து விஷயத்தைச் சொல்லிக்கொள்வார். அதையும் வாசலிலேயே சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டு பிறகு பவுன்ஸ் அனுப்பினால், ஸ்பாமில் போலியாகப் போடப்பட்டிருந்த முகவரிக்காரர், தான் எழுதாத கடிதத்துக்கு நம்மிடமிருந்து மறுப்பு வாங்குவார். டவ்காட் மென்பொருளில் பெட்டியின் நிலையைப் போஸ்ட்ஃபிக்ஸுக்கு வாசலிலேயே சொல்லும் சேவை இதற்கென்றே இருக்கிறது. அதே டவ்காட்டில் குப்பைப் பெட்டிக்கு மட்டும் கோட்டாவுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கலாம். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் முக்கியம். பெட்டி நிரம்பிய பயனர் ஒரு கடிதத்தை அழிக்கப் பொத்தானை அழுத்துகிறார். மெயில் நிரல் அதை முதலில் குப்பைக்கு நகலெடுக்கப் பார்க்கிறது. கோட்டா நிரம்பியதால் நகல் மறுக்கப்படுகிறது. அழிக்க முடியவில்லை என்று திரையில் வருகிறது. இடம் இல்லை, அழி என்று நாமே சொல்லிவிட்டு, அழிக்கவும் விடாமல் நிறுத்திவைத்தால் அந்த மனிதர் என்ன செய்வார்?

பழையவற்றைத் தானாக அழித்துவிடலாமே என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. குப்பைப் பெட்டியையும் ஸ்பாம் பெட்டியையும், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, 30 நாளுக்கு ஒருமுறை கழிக்கலாம். மற்றது பயனருடைய உடைமை. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு கடிதம் ஒருவருடைய பணி மூப்புக்குச் சாட்சியாக இருக்கலாம். அதன் மதிப்பை டிஸ்க்கைப் பார்த்துக்கொள்பவர் எடைபோட முடியாது.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பிறகு வா என்றால் எல்லோரும் திரும்ப வருவார்களா? வர மாட்டார்கள். ஒழுங்கான சர்வர்கள் வரும். அவசரமாக எழுதப்பட்ட சில நிரல்கள், குறிப்பாகத் தானியங்கி அறிவிப்புகளை அனுப்புபவை, ஒருமுறை முயன்று விட்டுவிடும். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி ஒரு மணி நேரம் கழித்து வந்து பயனில்லை. ஆகவே 452க்கும் ஒரு விலை இருக்கிறது; அதை அன்றாட வழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது. கலிங்கு வழிந்தால் ஊருக்கே கேட்கும் என்பதுபோல, முதல் 452 போன நிமிடமே யாராவது எழுந்து வர வேண்டும். அந்த எச்சரிக்கையை அதே சர்வர் வழியாக மெயிலில் அனுப்பும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற செய்தி, நிரம்பிய டிஸ்க்கின் வரிசையில் உட்கார இடம் தேடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸாகவோ வேறு சர்வர் வழியாகவோ போக வேண்டும். அது சதவீதத்திலும் இருக்கக் கூடாது. 90 சதவீதம் நிரம்பியது என்றால் 100 ஜிபி டிஸ்க்கில் மிச்சம் 10 ஜிபி, 10 டிபி டிஸ்க்கில் மிச்சம் 1 டிபி. ஒரே எண், இரண்டு வேறு நிலைமை. நாளுக்கு 2 ஜிபி ஏறுகிறது, மிச்சம் 60 ஜிபி, ஆகவே 30 நாள் என்று நாள் கணக்கில் சொன்னால் மேலாளருக்கும் புரியும். டெண்டர் விட்டு டிஸ்க் வாங்க 45 நாள் ஆகும் அலுவலகத்தில் 30 நாள் என்பது ஏற்கெனவே தாமதம். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு மட்டும் ஒதுக்கிவைக்கும். 1 டிபியில் 50 ஜிபி. நெருக்கடி வருவதற்கு முன்பே, வீணாகக் கிடக்கிறதே என்று அதைக் குறைத்துப் பயன்படுத்திக்கொள்வது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவதற்குச் சமம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் இரவு அது நடந்துவிட்டால் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் அழிக்கத் தொடங்கக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை இயக்க வேண்டும். அதன்பின் சர்வர் நிரந்தர மறுப்பு எதையும் சொல்லாது, எல்லாமே பிறகு வா என்றாகிவிடும், உள்ளே இருப்பவையும் பவுன்ஸாகாமல் வரிசையிலேயே நிற்கும். வாக்கு இனி மேலும் மீறப்படாது என்று ஆன பிறகு, நிதானமாக இடம் தேடலாம். லாக் ஃபைலை நீக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும். முடிந்தால் அதற்கு முன் வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிட வேண்டும், ஏனென்றால் வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வரிசைக்குள் கைவைத்து ஃபைல்களை அழிக்கவே கூடாது. திருடிய கணக்கிலிருந்து வந்த ஸ்பாம் என்று உறுதியானவற்றை மட்டும் போஸ்ட்சூப்பர் கட்டளையால் எடுக்கலாம். இடம் திரும்பியதும் சாஃப்ட் பவுன்ஸை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். எதிர்முனையிலும் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால், வழக்கமான அமைப்பில் இரண்டு முயற்சிகளுக்கு நடுவே அது விடும் உச்ச இடைவெளி 4,000 விநாடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிறுத்திவைக்கப்பட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அவற்றில் ஒன்றைத் திறந்து, தலைப்பகுதியில் ரிசீவ்ட் என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மேலே நம் சர்வர் எழுதிய வரியில் காலை 6 மணி இருக்கும். அதற்குக் கீழே அனுப்புநரின் சர்வர் எழுதிய வரியில் முந்தைய நாள் இரவு 11 மணி இருக்கும். நடுவில் உள்ள அந்த ஏழு மணி நேரமும் கடிதம் அனுப்பியவரின் வரிசையில் இருந்திருக்கிறது.